போருக்குப் பிந்தைய குடியிருப்புகளை மனித அளவுக்கு மீட்டெடுத்தல்: தரையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவின் பெரும்பகுதி கடும் வீட்டுப் பஞ்சத்தில் இருந்தது. குண்டுவீச்சில் இடிந்தவை ஒருபுறம், பத்தாண்டுகளாகப் புதிதாக எதுவும் கட்டப்படாத நகரங்களில் பெருகிய குடும்பங்கள் மறுபுறம். 1950 முதல் 1975 வரையிலான கால் நூற்றாண்டில் அரசுகளும் நகராட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் இந்தப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்காக, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு நகரங்களின் விளிம்பில் மாபெரும் குடியிருப்புகளை எழுப்பின. ஏறத்தாழ 80 லட்சம் மக்கள்தொகை கொண்ட சுவீடன் 1965க்கும் 1974க்கும் இடையில் மட்டும் 10 லட்சம் வீடுகளைக் கட்டியது. பிரான்சும் நெதர்லாந்தும் பிரிட்டனும் கிழக்கு ஜெர்மனியும் தத்தம் வழியில் அதையே செய்தன.

வீடுகளைப் பொறுத்தவரை இவை தோல்வியல்ல. ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்களுக்குத் தனிக் குளியலறையும் மைய வெப்பமூட்டலும் வெளிச்சமான சமையலறையும் முதல்முறையாகக் கிடைத்தன. குறைகள் வெளியில் தொடங்கின. யாருக்கும் சொந்தமில்லாத புல்வெளி, ஜன்னலே இல்லாத தரைத்தளம், இரவில் எவரும் நுழையத் தயங்கும் சுரங்கப்பாதை, கடைக்குப் போகக் கால் கிலோமீட்டர் வெட்டவெளி. ஒரு குடியிருப்பின் கெட்ட பெயருக்குக் காரணமானவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை தரையிலிருந்து முதல் நான்கு மீட்டர் உயரத்துக்குள்ளும் கட்டடங்களுக்கு இடைப்பட்ட நிலத்திலும் அமைந்திருப்பது தெரியும். ஆகவே புதுப்பிக்கும் பணி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதும், இடிப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதும் இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. நகராட்சித் திட்டமிடுநர்கள், வீட்டுவசதிச் சங்கங்களின் பொறுப்பாளர்கள், குடியிருப்போர் சங்கத்தினர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

படி 1: இடத்தின் வரலாற்றையும் எலும்புக்கூட்டையும் படித்தல்

முதலில் மூல வரைபடங்களைத் தேடி எடுங்கள். கட்டடங்கள் ஏன் அப்படி நிற்கின்றன என்பதற்கான விடை பெரும்பாலும் அவற்றில் இருக்கும். 1933இல் நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு மாநாடு வகுத்த கொள்கைகள், வசிப்பது, வேலை செய்வது, பொழுதுபோக்குவது, பயணிப்பது ஆகிய நான்கையும் தனித்தனியே பிரித்து வைக்கச் சொன்னதால் பல குடியிருப்புகளுக்குள் கடையோ பணியிடமோ இல்லாமல் போயிற்று. வேறு சில முடிவுகளுக்குக் கொள்கையெல்லாம் காரணமில்லை. சுவீடனில் பல இடங்களில் நீண்ட கட்டடங்கள் இணையாக வரிசைகட்டி நிற்பது, தண்டவாளத்தில் நகரும் ஒரே பாரந்தூக்கி இரு பக்கமும் கான்கிரீட் பலகைகளை இறக்கி வைக்க வசதியாக இருந்ததால்தான். கட்டுமான வேலை சில மாதங்களில் முடிந்துவிட்டது. அந்தப் பாரந்தூக்கிக்காக விடப்பட்ட இடைவெளியில்தான் மக்கள் அரை நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட முடிவுகளை மாற்றுவதற்கு எவரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதையும் இதே கட்டத்தில் பட்டியலிடுங்கள். நடப்பட்டபோது குச்சிகளாக இருந்த மரங்கள் இன்று ஐம்பது அறுபது ஆண்டு வளர்ந்தவை. வீடுகளின் உள்ளமைப்பு பெரும்பாலும் நேர்த்தியானது. எல்லாமே உயர் கோபுரங்கள் என்ற எண்ணமும் தவறு. சுவீடனின் 10 லட்சம் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தனி வீடுகளும் வரிசை வீடுகளும்தான். மூன்று மாடிக் கட்டடங்களும் ஏராளம். அவற்றின் முக்கியக் குறை உயரமன்று. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் வயதானவர்கள் சிக்கிக்கொண்டிருப்பதே.

அடுத்தது எலும்புக்கூடு. இக்கட்டடங்களில் பல, முகப்புக்குச் செங்குத்தாகச் செல்லும் குறுக்குச் சுவர்கள் எடையைத் தாங்கும் விதத்தில் கட்டப்பட்டவை. முகப்பு எடை தாங்குவதில்லை என்பதால் அதை முழுவதுமாகக் கழற்றி மாற்றலாம். ஆனால் இரண்டு சிறு வீடுகளைப் பக்கவாட்டில் இணைத்து ஒன்றாக்க, எடை தாங்கும் சுவரை வெட்டியாக வேண்டும். பலகைகளை இணைக்கும் மூட்டுகள் எவ்வளவு முக்கியம் என்பதை லண்டனின் ரோனன் பாயிண்ட் எனும் அடுக்குமாடிக் கட்டடம் காட்டியது. 1968 மே 16 அன்று 18ஆம் தளத்து வீடொன்றில் நிகழ்ந்த எரிவாயு வெடிப்பு ஒரு சுவர்ப் பலகையைத் தள்ள, அந்த மூலை முழுவதும் சீட்டுக்கட்டாகச் சரிந்து நான்கு பேர் இறந்தனர். கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை கைக்கு வராமல் ஒரு வாசல் திறப்பைக்கூட வரைய வேண்டாம். அக்காலக் கட்டடங்களில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்), மூட்டுகளை அடைத்த பசையில் பிசிபி எனும் நச்சுச் சேர்மமும் இருக்கக்கூடும். அந்தப் பரிசோதனையையும் இப்போதே செய்துவிடுவது பின்னால் பணமும் காலமும் விரயமாவதைத் தவிர்க்கும்.

படி 2: குடியிருப்போரின் இடத்தை உறுதிசெய்தல்

வடிவமைப்பு தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் தர வேண்டிய உறுதிமொழிகள் மூன்று: விரும்பும் எவரும் இதே பகுதியில் தொடர்ந்து வாழலாம், பணிக்குப் பிறகு வாடகை எவ்வளவு உயரும் என்பது முன்கூட்டியே சொல்லப்படும், தற்காலிகமாக இடம்பெயர வேண்டியிருந்தால் எங்கே, எவ்வளவு காலம் என்பது தெரிவிக்கப்படும். இவை இல்லாமல் நடத்தப்படும் கலந்தாய்வுக் கூட்டங்களில் மக்கள் மரத்தைப் பற்றியும் இருக்கையைப் பற்றியும் பேசமாட்டார்கள். வெளியேற்றப்படுவோமா என்பதையே கேட்பார்கள். அது நியாயமான கேள்வியும்கூட.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரின் பைக்கர் பகுதியில் கட்டடக் கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கின் 1960களின் இறுதியில் மறுகட்டுமானத்தைத் தொடங்கியபோது, ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்று முன்பு இயங்கிய கடையைத் தம் அலுவலகமாக்கி, தெருவில் போகும் எவரும் உள்ளே வந்து வரைபடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வழிசெய்தார். பங்கேற்புக்கு இன்றும் அதுவே முன்னுதாரணம். ஆயினும் பழைய குடியிருப்பாளர்களில் மிகச் சிறு பங்கினரே புதிய பைக்கரில் வசிக்கும் வாய்ப்பைப் பெற்றனர். கட்டுவதைவிட இடிப்பது வேகமாக நடந்ததும், பணி பத்தாண்டுக்கும் மேலாக நீண்டதும் அதற்குக் காரணங்கள். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, வேலையின் வரிசையும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று. புதிய வீடுகளை முதலில் கட்டி, மக்களைக் குடியேற்றி, அதன் பிறகே பழையதைத் தொடுவதுதான் சரியான வரிசை.

அரசியல் எதிர்த்திசையில் இழுக்கும் நாடுகளும் உண்டு. டென்மார்க்கில் 2018இல் நிறைவேறிய சட்டத்தொகுப்பு, குறிப்பிட்ட சில பகுதிகளில் குடும்பங்களுக்கான சமூக வீடுகளின் (இலாப நோக்கற்ற வாடகை வீடுகளின்) பங்கை 2030க்குள் 40 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. நல்ல நிலையிலிருந்த வீடுகளும் இடிபட அது வழிவகுத்தது. வடிவமைப்பாளர் தம் பணி எந்தக் கொள்கைக்கு முகமூடியாகிறது என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

படி 3: வாழ்க்கையை எண்ணுதல்

ஒரு சாலையில் எத்தனை வாகனங்கள் போகின்றன என்பது எல்லா நகராட்சிக்கும் தெரியும். ஒரு முற்றத்தில் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்பது அநேகமாக எவருக்கும் தெரியாது. டேனிஷ் கட்டடக் கலைஞர் யான் கேல் 1960களிலிருந்து கோபன்ஹேகனில் வளர்த்தெடுத்த முறை எளிமையானது. ஓரிடத்தில் நின்று, ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டும் கடந்து செல்வோரை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். காலை முதல் இரவு வரை, ஒரு வேலை நாளிலும் ஒரு வார இறுதி நாளிலும், நல்ல வானிலையில் இதைச் செய்ய வேண்டும். இடையிடையே அந்த இடத்தைச் சுற்றி வந்து, நிற்போர், அமர்ந்திருப்போர், விளையாடுவோர் ஆகியோரை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும்.

கேல் வெளிப்புறச் செயல்களை மூன்றாகப் பிரித்தார்: வேலைக்கோ கடைக்கோ போவது போன்ற கட்டாயச் செயல்கள், உலாவுவது போன்ற விருப்பச் செயல்கள், பிறரோடு சேர்ந்து நிகழும் சமூகச் செயல்கள். மோசமான இடத்திலும் முதல் வகை நடந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வகை நடக்கிறதா என்பதுதான் இடத்தின் தரத்தைக் காட்டும். எனவே கடப்போரின் எண்ணிக்கையைவிட, அவசியமில்லாமலும் அங்கே தங்குவோரின் எண்ணிக்கைக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

கணக்கில் வயதையும் பாலினத்தையும் பிரித்துக் குறிப்பது அவசியம். சுவீடனின் மால்மோ நகரில் ரோசென்கோர்ட் பகுதியின் பொது விளையாட்டிடங்களைப் பையன்களே பெருமளவு பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தபின், நகராட்சி அங்கு வாழும் இளம்பெண்களையே புதிய இடமொன்றின் திட்டமிடலில் ஈடுபடுத்தியது. பொழுது சாய்ந்த பிறகு ஒரு பாதையில் தனியாக நடக்கும் பெண்களின் எண்ணிக்கை, எத்தனை பக்கப் பாதுகாப்பு அறிக்கையைவிடவும் நேரடியாகப் பேசும். புல்வெளியில் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பாதை எங்கே தவறியது என்பதை அவை இலவசமாகவே காட்டுகின்றன.

படி 4: முன்புறம் எது, பின்புறம் எது

பழைய நகரத் தெருவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முகப்பும் வாசலும் தெருவைப் பார்க்கும். தோட்டமும் குப்பைத்தொட்டியும் துணிக்கொடியும் பின்னால் இருக்கும். போருக்குப் பிந்தைய குடியிருப்புகள், கட்டடங்களைப் பூங்காவுக்குள் தனித்தனியாக நிறுத்தியதால் இந்த வேறுபாட்டை அழித்துவிட்டன. எல்லாப் பக்கமும் பாதி முன்புறம், பாதி பின்புறம். அந்நியர் ஒருவர் படுக்கையறை ஜன்னலுக்கு இரண்டு மீட்டர் அருகில் நடந்துபோவதற்குத் தடையேதும் கிடையாது. அதே வேளையில், அந்த ஜன்னலுக்குரியவர் அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்காரவும் முடியாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். பகுதியின் நில வரைபடத்தை எடுத்து நான்கு வண்ணங்களில் நிரப்புங்கள்: எவரும் வரக்கூடிய பொது நிலம்; ஒரு கட்டடத்தார் மட்டும் பகிரும் முற்றம்; ஒரு வீட்டுக்கே உரிய நிலம்; இந்த மூன்றிலும் சேராத, யாருடையது என்று சொல்ல முடியாத நிலம். நான்காவது வண்ணம்தான் வரைபடத்தின் பெரும்பகுதியை நிரப்பும். அதை மற்ற மூன்றில் ஒன்றுக்கு ஒதுக்கி, கடைசியில் நான்காவது வண்ணமே இல்லாதபடி செய்வதே இந்தப் படியின் இலக்கு. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எழுத்தில் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். புல்வெட்டும் ஒப்பந்தக்காரர் பொறுப்பாளர் ஆகமாட்டார்.

எல்லைகளைக் குறிக்க உயர்ந்த வேலி தேவையில்லை, பெரும்பாலும் கேடே விளைவிக்கும். இடுப்பளவு உயரமுள்ள புதர்வேலி, தரையில் கல் பதிப்பதில் ஒரு மாற்றம், ஒரு சிறு படி ஆகியவையே இங்கிருந்து வேறோர் இடம் தொடங்குகிறது என்பதை உணர்த்திவிடும். பார்வையை மறைக்காமல் காலை மட்டும் தயங்கவைப்பது போதுமானது. தரைத்தள வீட்டுக்கு முன்னால் மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் சொந்தத் தோட்டம் கொடுத்து, அறையிலிருந்து நேரே அதில் இறங்க ஒரு கதவும் வைத்துவிட்டால், அந்தச் சிறு நிலத்தைப் பராமரிக்கும் செலவு வீட்டுவசதிச் சங்கத்தின் கணக்கிலிருந்து குறைவதோடு, பாதையை நாள்முழுதும் கவனிக்கும் கண்களும் கிடைக்கின்றன.

ஒரே நுழைவாயிலைப் பகிரும் குடும்பங்கள் எத்தனை கூடுகின்றனவோ, அத்தனைக்கு அந்த நுழைவாயில் தங்களுடையது என்ற எண்ணம் அவர்களிடம் குறையும் என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972இல் முன்வைத்த வாதம் பல விமர்சனங்களுக்கு உள்ளானது. வறுமையையும் பராமரிப்பின்மையையும் வடிவமைப்பின் கணக்கில் எழுதிவிட்டார் என்பது அவற்றில் முக்கியமானது, அதை ஏற்கிறேன். ஆனாலும் நூறு குடும்பங்கள் பயன்படுத்தும் ஒரு வாசலைவிடப் பத்துக் குடும்பங்கள் பயன்படுத்தும் பத்து வாசல்கள் நன்றாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. நீண்ட தாழ்வாரங்களைப் பிரித்துத் தனிப் படிக்கட்டுகளும் வாசல்களும் அமைக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

படி 5: தரைத்தளத்துக்கு உயிர் கொடுத்தல்

மனிதர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். அந்த வேகத்தில் நான்கைந்து வினாடிக்கு ஒருமுறை புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் நடை சலிப்பதில்லை. 100 மீட்டருக்கு 15 முதல் 20 வாசல்கள் அல்லது கடைமுகப்புகள் இருந்தால் இது இயல்பாக நிறைவேறும். இப்போது உங்கள் குடியிருப்பில் 100 மீட்டரை அளந்து வாசல்களை எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் அதிகம். சில இடங்களில் தரைத்தளம் முழுவதும் பொருள் வைக்கும் அறைகளின் மூடிய கதவுகளாகவே இருக்கும்.

ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர்மேர் பகுதியில் உள்ள கிளைபர்க் கட்டடத்தில் இதுதான் நிலைமையாக இருந்தது. 400 மீட்டர் நீளம், 500 வீடுகள், தரைத்தளத்தில் சாமான் அறைகள். இடிக்கப்படுவதற்கு ஒதுக்கப்பட்டிருந்த அந்தக் கட்டடத்தை ஒரு கூட்டமைப்பு 1 யூரோவுக்கு வாங்கி, லிஃப்ட், தாழ்வாரம் முதலான பொதுப் பகுதிகளை மட்டும் சீரமைத்து, வீடுகளை உள்வேலை இல்லாத வெற்றுக் கூடுகளாக விற்றது. வாங்கியவர்கள் தங்கள் கைப்பணத்துக்கு ஏற்ப உள்ளே கட்டிக்கொண்டனர். சாமான் அறைகளை மேல்தளங்களில் லிஃப்டுக்கு அருகே நகர்த்தி, விடுபட்ட தரைத்தளத்தை வீடுகளுக்கும் பணியிடங்களுக்கும் திறந்துவிட்டதே இதில் தீர்மானகரமான மாற்றம். குறுகிய இருண்ட சந்துகளாக இருந்த ஊடுவழிகள் இரண்டு தள உயரத்துக்கு அகலமாக்கப்பட்டன. கட்டடத்தின் உருவத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அதன் ஓரமாக நடப்பவருக்கு அது வேறு கட்டடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோஹே கட்டடக்கலை விருது 2017இல் இதற்குக் கிடைத்தது.

ரோசென்கோர்டில் 2010இல் நகராட்சியின் வீட்டு நிறுவனம் வேறொரு வழியைக் கையாண்டது. தரைத்தள வீடுகளின் முன்பக்கத்தைத் தெருவை நோக்கி நீட்டிச் சிறு கடைகளாக்கி, கடைக்குப் பின்னாலேயே வீடு இருக்கும்படி ஒரே வாடகை ஒப்பந்தத்தில் கொடுத்தது. தனியாகக் கடை வாடகையும் வீட்டு வாடகையும் கட்ட இயலாத சிறு வியாபாரிக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது.

கடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்லாத் தரைத்தளத்தையும் கடையாக வரையும் திட்டங்கள் அழகாக இருக்கும், திறந்த பிறகு பாதி கடைகள் பூட்டிக் கிடக்கும். சில நூறு குடும்பங்கள் தாங்கக்கூடியது ஒரு மளிகைக்கடை, ஒரு முடிதிருத்தகம், ஒரு உணவகம் அளவுதான். அவற்றை எல்லாப் பாதைகளும் கூடும் ஒரே இடத்தில், பேருந்து நிறுத்தத்துக்கோ டிராம் நிறுத்தத்துக்கோ அருகில் சேர்த்து வையுங்கள். மீதித் தரைத்தளத்தில் தனி வாசலுள்ள வீடுகள், குழந்தைகள் காப்பகம், சைக்கிள் அறை, துணி துவைக்கும் கூடம் ஆகியவை இருக்கட்டும். துணி துவைக்கும் கூடத்தை நிலவறையிலிருந்து எடுத்து, பெரிய ஜன்னலோடு முற்றத்தைப் பார்த்து வைப்பது என் மதிப்பீட்டில் இத்தகைய திட்டங்களிலேயே மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் மாற்றம். எல்லோரும் வாராவாரம் வந்தாக வேண்டிய இடம் அது.

படி 6: தெருக்களையும் பாதைகளையும் மீண்டும் பின்னுதல்

அக்காலத் திட்டமிடலின் மறுக்க முடியாத நல்லெண்ணம், குழந்தைகளை வாகனங்களிடமிருந்து காப்பதற்காகக் கார்களையும் நடப்போரையும் முற்றிலும் பிரித்தது. சுவீடனில் 1968இல் வெளியான வழிகாட்டுநெறிகள் இதை நாடு முழுதும் பரப்பின. விளைவாக, கார் செல்லும் சாலையில் மனிதர் இல்லை. மனிதர் நடக்கும் பாதையில் இரவில் எவருமே இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுரங்கப்பாதை. விளக்கைக் கூட்டினால் சரியாகும் என்பது வழக்கமான பரிந்துரை. மறுமுனையில் யார் நிற்கிறார்கள் என்பது நுழையும் முன்பே தெரியாவிட்டால், எத்தனை விளக்கு போட்டும் பயனில்லை.

பெய்ல்மர்மேர் இந்தக் கொள்கையின் உச்சம். பத்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் தேன்கூட்டின் அறுகோண வடிவில், சாலைகள் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்தி, தரை முழுவதும் நடப்போருக்கு என்று 1960களின் பிற்பகுதியில் எழுந்த அப்பகுதியில், 1990களில் தொடங்கிய புதுப்பிப்பின்போது உயர்மாடி வீடுகளில் ஏறத்தாழ பாதி இடிக்கப்பட்டன. உயர்த்திய சாலைகள் பலவும் தரைக்கு இறக்கப்பட்டு, மரமும் வாசலும் கொண்ட சாதாரணத் தெருக்களாயின. இடித்தது எல்லாம் அவசியம்தானா என்ற விவாதம் இன்றும் உண்டு. கிளைபர்க்கின் வெற்றி அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது. சாலைகளை இறக்கியது குறித்துச் சந்தேகமில்லை.

உங்கள் பகுதியில் ஒவ்வொரு சுரங்கப்பாதைக்கும் மேலே சமதளத்தில் கடக்கும் இடம் ஒன்றை அமையுங்கள். முட்டுச்சந்துகளை இணைத்து, அடுத்த பகுதியின் தெருப்பெயரே இங்கும் தொடரும்படி செய்யுங்கள். வாகன வேகம் 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி சாலையைக் குறுக்குங்கள். பலகை வைப்பதால் வேகம் குறையாது, அகலத்தைக் குறைத்தால் குறையும். குழந்தைகள் அதிகமுள்ள உள்தெருக்களுக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியில் உருவாகி 1976இல் சட்ட வடிவம் பெற்ற முறை பொருந்தும்: நடைமேடை, சாலை என்ற பிரிவே இல்லாமல், கார் நடப்பவரின் வேகத்தில் விருந்தாளியாக ஊர்ந்து செல்லும்.

வாகன நிறுத்துமிடத்தை ஒரேயடியாக ஒழிக்க முயன்றால் திட்டமே நின்றுவிடும். பெரிய திடலைக் கலைத்து, தெருவோரத்தில் சிறு சிறு தொகுதிகளாகப் பரப்பி, இடையிடையே மரம் வைத்தால், விடுபடும் திடலே புதிய வீடுகளுக்கான நிலமாகும்.

படி 7: இடைவெளிகளைச் சுருக்குதல்

ஒருவர் அசைவதை 100 மீட்டர் தொலைவிலிருந்து அறியலாம். 25 மீட்டருக்குள் வந்தால்தான் முகபாவம் தெரியும். ஐந்தாம் மாடி வரை தெருவோடு பேசவும் சைகை காட்டவும் இயலும். அதற்கு மேல் தெரு வெறும் காட்சியாகிவிடும். ஆகவே மக்கள் கூட வேண்டிய முற்றமோ சதுக்கமோ 25 மீட்டர் அளவுள்ளதாகவோ, அத்தகைய பகுதிகளாகப் பிரிந்ததாகவோ இருக்கட்டும். எண்பது மீட்டர் புல்வெளியில் ஒரே ஒரு இருக்கையைப் போட்டால் அதில் எவரும் அமரமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சுவரோ புதரோ இருக்கும் ஓரத்தில் போட்டால் அமர்வார்கள்.

வெற்றிடத்தை நிரப்ப மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் ஏற்றவை. மூலைகளை அடைத்து, தெருவின் பக்கம் வாசல் வைத்து, பின்னால் முற்றம் உருவாகும்படி அவற்றை நிறுத்த வேண்டும். மான்செஸ்டரின் ஹியூம் பகுதியில், 1972இல் முடிந்த பிறை வடிவ மாபெரும் கட்டடங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளிலேயே இடிக்கப்பட்டபோது, நகராட்சி வெளியிட்ட 1994ஆம் ஆண்டு விதிகள் இதையே கேட்டன: வாசல்கள் தெருவைப் பார்க்க வேண்டும், தெருக்கள் ஒன்றோடொன்று இணைய வேண்டும். உயரமான கட்டடங்கள் மேலிருந்து காற்றைக் கீழே திருப்பிவிடுவதால் அவற்றின் மூலைகளில் நடப்பதே சிரமமாயிருக்கும். அந்த மூலையில் ஒரு தாழ்ந்த கட்டடம் சேர்ப்பது காற்றையும் தடுக்கும், தெருவுக்கு ஓரமும் தரும். சூரிய ஒளியைக் குளிர்கால நண்பகலுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்.

படி 8: மழைநீரும் மரமும்

மால்மோவில் 1948க்கும் 1952க்கும் இடையில் கட்டப்பட்ட அகுஸ்தென்போரி குடியிருப்பில் கனமழை பெய்யும்போதெல்லாம் நிலவறைகளில் கழிவுநீர் புகுந்தது. 1998இல் தொடங்கிய திட்டம் குழாய்களைப் பெரிதாக்காமல், கூரைநீரையும் தெருநீரையும் தரைமேல் திறந்த கால்வாய்களிலும் முற்றத்துக் குளங்களிலும் ஓடவிட்டது. கூரைகளில் தாவரம் வளர்த்தது. 2014 ஆகஸ்ட் 31 அன்று மால்மோ முழுவதும் வெள்ளக்காடானபோது இப்பகுதி பெருமளவு தப்பியது. கால்வாயின் ஓரத்தைக் குழந்தை உட்காரும் உயரத்தில் கட்டினால் அது விளையாட்டிடமும் ஆகிறது. புதிய தெருக்களையும் கட்டடங்களையும் வரையும்போது வளர்ந்த மரங்களின் வேர்ப்பரப்பை முதலில் குறித்துவிட்டு மற்றதை வரையுங்கள்.

படி 9: இப்போது கட்டடம்

பிரெஞ்சு அரசு 2003இல் அறிவித்த தேசியத் திட்டம் 2 லட்சம் வீடுகளை இடித்து, 2 லட்சம் கட்டி, 2 லட்சத்தைச் சீரமைப்பதாக இருந்தது. அதற்கு எதிராகக் கட்டடக் கலைஞர்கள் ஆன் லகத்தோனும் ஜான் பிலிப் வசாலும் ஃபிரெடெரிக் துருவோவும் எடுத்த நிலைப்பாடு, ஒருபோதும் இடிக்காதே, எப்போதும் கூட்டு என்பது. போர்தோ நகரின் கிராண்ட் பார்க் பகுதியில், 1960களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மூன்று கட்டடங்களின் 530 வீடுகளில் அதைச் செய்துகாட்டினர். எடை தாங்காத பழைய முகப்பை அறுத்தெடுத்து, வெளியே தன்னெடையைத் தானே தாங்கும் புதிய சட்டகத்தை நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழத்தில் கண்ணாடிக் குளிர்காலத் தோட்டமும் பால்கனியும் சேர்த்தனர். முன்வார்த்த பாகங்கள் என்பதால் ஒரு வீட்டின் வேலை இரண்டு வாரம் அளவில் முடிந்தது. மக்கள் வீட்டிலேயே இருந்தனர், வாடகை உயரவில்லை. 2019இல் மீஸ் விருது இதற்கு வந்தது. 2021இல் லகத்தோனும் வசாலும் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றனர்.

மக்கள்தொகை சுருங்கும் ஊர்களில் கட்டடத்தின் சில பகுதிகளைக் கழிப்பதும் ஒரு வடிவமைப்பே. கிழக்கு ஜெர்மனியின் லைனஃபெல்டே ஊரில் கட்டடக் கலைஞர் ஷ்டெஃபான் ஃபோர்ஸ்டர் ஒரு நீண்ட பலகைக் கட்டடத்தின் சில படிக்கட்டுகளையும் அவற்றைச் சார்ந்த வீடுகளையும் மட்டும் அகற்றி, எஞ்சியதை எட்டுத் தனிச் சிறு கட்டடங்களாக நிறுத்தினார்.

வெப்பக்காப்புப் போர்வை போர்த்தும் வேலையில் தீப்பாதுகாப்பை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் புதுப்பிக்கப்பட்டபோது பூட்டிய எரியக்கூடிய புறப்பூச்சுப் பலகைகளால்தான் 2017 ஜூன் 14 அன்று தீ கட்டடம் முழுதும் பரவி 72 பேர் உயிரிழந்தனர். அங்கு வசித்தவர்கள் முன்கூட்டியே பாதுகாப்புப் பற்றிய தங்கள் அச்சத்தை எழுதியிருந்தனர் என்பதையும் இரண்டாம் படியோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: சோதித்தல், பராமரித்தல், மறுபடி எண்ணுதல்

நிரந்தரமாகக் கல் பதிப்பதற்கு முன் ஒரு கோடைக்காலம் முழுவதும் பெயின்ட், மரப்பெட்டிச் செடிகள், நகர்த்தக்கூடிய நாற்காலிகள் ஆகியவற்றை வைத்து மாற்றத்தைச் சோதியுங்கள். நாற்காலிகள் எந்த மூலைக்கு நகர்கின்றன என்பதை வாரத்துக்கொருமுறை குறித்தால், நிரந்தர இருக்கை எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும் என்பதைத் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 11 மாடியில் 33 கட்டடங்களாக 1950களில் எழுந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பு 1972இல் இடிக்கத் தொடங்கப்பட்டதற்கு அதன் வடிவமே காரணம் என்று பலர் எழுதினார்கள். பராமரிப்பு முழுவதும் வாடகை வருமானத்தையே நம்பியிருந்ததும், வீடுகள் காலியாகக் காலியாக லிஃப்டையும் வெப்பக் குழாயையும் பழுதுபார்க்கப் பணமில்லாமல் போனதும் அந்த விளக்கங்களில் அடிக்கடி விடுபட்டன. பெயர் தெரிந்த ஒரு பராமரிப்பாளர், தினமும் அங்கேயே இருப்பவராக, முற்றத்தைப் பார்க்கும் தரைத்தள அறையில் அலுவலகம் உள்ளவராக நியமிக்கப்பட வேண்டும். தொலைபேசி மையத்தில் புகாரைப் பதிவுசெய்யும் முறை இதற்கு மாற்றாகாது.

மூன்றாம் படியில் எண்ணிய அதே இடங்களில், அதே மாதத்தில், அதே மணிகளில், பணி முடிந்த ஓராண்டுக்குப் பிறகும் ஐந்தாண்டுக்குப் பிறகும் மீண்டும் எண்ணுங்கள். முதல் ஆண்டில் புதுமையின் ஈர்ப்பு கணக்கை உயர்த்திக் காட்டும் என்பதால் ஐந்தாம் ஆண்டு எண்ணிக்கையே நம்பத்தக்கது. அதற்கான தொகையை ஒப்பந்தத்தில் இப்போதே தனித் தலைப்பாக ஒதுக்கிவையுங்கள். பிறகு கேட்டால் எந்த அலுவலகத்திலும் அதற்குப் பணம் இருக்காது.